கப்பலில் வருவதற்கு யார் பொறுப்பு? வர்த்தக உடன்பாடுகளில் சுற்றுப்புறப் பாதுகாப்பு

(உயர்நிலை, தொடக்கக்கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான விளக்கக் கட்டுரை)

சென்ற தவணையில் உயர்நிலை நான்கு வகுப்புக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். ‘சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பதில் அரசாங்கத்தின் பங்கு’ என்பது தலைப்பு. திருத்த உட்கார்ந்தால், ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் அதே மூன்று கருத்துகள்தாம். மரம் நடுவது, மறுபயனீடு, விழிப்புணர்வு இயக்கம். நாமே சொல்லிக்கொடுத்தவைதானே, குறை சொல்ல முடியாது.

ஒரு மாணவன் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தான். “சிங்கப்பூர் வர்த்தகத்தை நம்பி வாழும் நாடு. பிற நாடுகளோடு அது செய்துகொள்ளும் உடன்பாடுகளில் சுற்றுப்புறத்திற்கும் இடம் இருக்க வேண்டும்” என்பது அவன் கருத்து. அதற்கு மேல் விளக்கம் இல்லை. நான் சிவப்பு மையில் ‘தலைப்போடு தொடர்பில்லை’ என்று எழுதிவிட்டேன்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் தாளோடு வந்து நின்றான். “டீச்சர், இது எப்படித் தொடர்பில்லாம போகும்? நம்ம சாப்பாடு, துணி, போன் எல்லாமே கப்பல்லதான வருது. அதைச் செய்யுறதுக்கு எங்கயோ காட்டை வெட்டினா, நம்ம அரசாங்கத்துக்குப் பங்கு இல்லையா?” என்று கேட்டான். உண்மையைச் சொன்னால், எனக்கு உடனே பதில் வரவில்லை. “இரு, படிச்சிட்டு வந்து சொல்றேன்” என்றேன். அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொங்கோலில் இருந்து தொடங்குவோம்

நான் குடியிருப்பது பொங்கோலில். இன்று நீர்வழிப்பாதை, மிதிவண்டித் தடம், புதிய வீவக அடுக்குமாடிகள் என்று பேட்டை பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 1970களிலும் 80களிலும் இங்கே பன்றிப் பண்ணைகள் இருந்தன. கிராஞ்சி போன்ற நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இருந்த பண்ணைகள் குடிநீரைக் கெடுக்கும் என்பதால், அங்கிருந்த பண்ணையாளர்கள் பொங்கோலுக்கு மாற்றப்பட்டார்கள். இங்கு வந்த பின்னும் கழிவுப் பிரச்சினை தீரவில்லை. 1984-ல் பன்றி வளர்ப்பைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 1990 வாக்கில் பண்ணைகள் மறைந்துவிட்டன.

நம் ஆறுகளுக்கு இது நல்ல முடிவு. ஆனால் பன்றி இறைச்சி சாப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை. பண்ணைகள் மூடப்பட்ட பிறகு அது முழுக்க முழுக்க வெளிநாட்டிலிருந்து வந்தது. இந்தோனேசியாவின் பூலான் தீவிலிருந்து உயிருள்ள பன்றிகளாகவே கப்பலில் வந்திறங்கின. அதாவது, கழிவு நம் ஆற்றை விட்டுப் போனது, தேவை நம்மிடமே தங்கிவிட்டது. அந்தக் கழிவைச் சமாளிக்கும் வேலை இன்னொரு நாட்டுக்குப் போனது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. இடமில்லாத சிறிய தீவுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அந்த மாணவனின் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. ஒரு பொருளை இறக்குமதி செய்யும்போது, அதை உருவாக்கியதால் ஏற்பட்ட கேடு வேறோர் இடத்தில் தங்கிவிடுகிறது. அதற்கு யார் பொறுப்பு? நாடுகள் இதற்குப் பதில் எழுத முயன்ற இடங்களில் ஒன்று வர்த்தக உடன்பாடு.

உடன்பாட்டில் என்ன எழுதியிருக்கிறது?

தடையற்ற வர்த்தக உடன்பாடு என்றால், இரண்டு நாடுகள் தங்களுக்குள் சுங்க வரியைக் குறைத்து வியாபாரத்தைச் சுலபமாக்கிக்கொள்வது. சிங்கப்பூரின் முதல் இருதரப்பு உடன்பாடு நியூசிலாந்துடன் 2001-ல் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவுடனான உடன்பாடு 2003 மே 6-ஆம் தேதி கையெழுத்தாகி, 2004 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்தது. நம் தலைப்புக்கு இந்த இரண்டாவது உடன்பாடுதான் முக்கியம். ஏனென்றால் அதன் 18-ஆவது அத்தியாயம் முழுவதும் சுற்றுப்புறத்தைப் பற்றியது.

அந்த அத்தியாயத்தை எளிமையாகச் சொன்னால் மூன்று வாக்குறுதிகள் வரும்.

ஒன்று, உன் நாட்டுச் சுற்றுப்புறச் சட்டத்தை நீ ஒழுங்காக நடைமுறைப்படுத்த வேண்டும். சட்டத்தைப் புத்தகத்தில் வைத்துவிட்டு, தொடர்ந்து கண்டும் காணாமல் இருக்கக்கூடாது.

இரண்டு, முதலீட்டையும் வர்த்தகத்தையும் இழுப்பதற்காக அந்தச் சட்டத்தைத் தளர்த்தக்கூடாது. “எங்க ஊருக்கு வாங்க, இங்க கழிவை எங்க வேணும்னாலும் விடலாம்” என்று சொல்லித் தொழிற்சாலையைக் கூப்பிடக்கூடாது.

மூன்று, இரு நாடுகளும் சுற்றுப்புற விவகாரங்களில் ஒத்துழைக்க வேண்டும். இதற்காகவே 2003 ஜூனில் தனியாக ஓர் இணக்கக் குறிப்பும் கையெழுத்தானது.

கவனியுங்கள். “உன் சட்டத்தை என் சட்டம் போல மாற்று” என்று எந்த நாடும் எந்த நாட்டையும் கேட்கவில்லை. எவ்வளவு கடுமையான சட்டம் வேண்டும் என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும். ஆனால் முடிவு செய்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டும். தேர்வில் இந்த வேறுபாட்டை எழுதினாலே உங்கள் கட்டுரை மற்றவற்றிலிருந்து தனித்துத் தெரியும்.

எந்த அமைப்பு எந்த வேலையைச் செய்கிறது?

‘அரசாங்கம்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் பல கைகள் வேலை செய்கின்றன.

அமெரிக்காவில் பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்குவது வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம். சுற்றுப்புறப் பாதுகாப்பு அமைப்பு, வெளியுறவு அமைச்சு, மீன்வள வனவிலங்குச் சேவைப் பிரிவு போன்றவை அதற்கு ஆலோசனை சொல்லும். 1999 நவம்பரில் அதிபர் பிறப்பித்த ஓர் ஆணைப்படி, முக்கியமான வர்த்தக உடன்பாடு எதையும் செய்வதற்கு முன் அதனால் சுற்றுப்புறத்திற்கு என்ன ஆகும் என்று ஆய்வு செய்ய வேண்டும். சிங்கப்பூர் உடன்பாட்டுக்கும் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. பல நாட்டுச் சரக்குகள் மாறிச் செல்லும் துறைமுகம் என்பதால், அழிந்துவரும் விலங்குகளின் கடத்தல் பற்றிய கவலை அதில் எழுந்தது.

நம் பக்கத்தில் பேச்சுவார்த்தைக்குப் பொறுப்பு வர்த்தக, தொழில் அமைச்சு. சுற்றுப்புறக் கொள்கைக்கு நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சு. காற்று, கழிவு, நச்சுப்பொருள் கட்டுப்பாடு தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வேலை. விலங்கு, தாவர வர்த்தகத்தைக் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம். 2019 ஏப்ரல் வரை இந்த வேலையை வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் செய்துவந்தது. எல்லையில் பெட்டியைத் திறந்து பார்ப்பது சுங்கத்துறையும், குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமும்.

ஆக, மேசையில் உட்கார்ந்து உடன்பாட்டில் ஒரு வரி எழுதுவது ஓர் அமைச்சு. அந்த வரி உண்மையாவது துறைமுகத்தில் ஓர் அதிகாரி ஒரு கொள்கலனைத் திறக்கும்போதுதான்.

ஒரே ஆண்டு, இரண்டு சரக்குகள்

இதற்கு 2019-ஆம் ஆண்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அழிந்துவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்த சைட்டஸ் என்ற அனைத்துலக ஒப்பந்தம் 1973-ல் உருவானது. சிங்கப்பூர் 1986-ல் அதில் சேர்ந்தது. யானைத் தந்தம், எறும்புத்தின்னி, சிலவகை மரங்கள் எல்லாம் அதன் பட்டியலில் உள்ளன. நம் ஆந்திர, தமிழக எல்லைக் காடுகளில் வளரும் செம்மரமும் அதில் உண்டு.

2014 மார்ச்சில் மடகாஸ்கரிலிருந்து ஒரு கப்பல் ஜூரோங் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 29,434 ரோஸ்வுட் மரத்துண்டுகள் இருந்தன. எடை மூவாயிரம் டன்னுக்கு மேல். அனுமதியின்றி இறக்குமதி செய்ததாக வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் ஏறி, ஒரு கட்டத்தில் குற்றவாளி என்றும் தீர்ப்பானது. கடைசியில் 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிறுவனத்தையும் அதன் இயக்குநரையும் விடுவித்தது. காரணம்? அந்த மரங்கள் சிங்கப்பூரில் தங்குவதற்கு வரவில்லை. இங்கிருந்து ஹாங்காங் போகவே வந்தன. ஆகவே அவை கடந்துசெல்லும் சரக்கு, சட்டம் சொல்லும் பொருளில் ‘இறக்குமதி’ அல்ல.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். நீதிமன்றம் சட்டத்தில் இருக்கும் சொல்லுக்குத்தான் பொருள் சொல்ல முடியும். இல்லாத சொல்லை அது சேர்க்க முடியாது. தமிழாசிரியர்கள் நமக்கு இது புரியாத விஷயமா என்ன? ‘வந்தது’ என்பதற்கும் ‘வழியாகச் சென்றது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் மூவாயிரம் டன் மரம் நின்றது.

அதே 2019 ஜூலை. இன்னொரு சரக்கு. காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வியட்னாமுக்குப் போகும் வழியில் சிங்கப்பூருக்கு வந்த கொள்கலன்கள். ஆவணத்தில் ‘மரம்’ என்று எழுதியிருந்தது. சீனச் சுங்கத்துறை கொடுத்த துப்பின்பேரில் திறந்து பார்த்தால், 8.8 டன் யானைத் தந்தமும் 11.9 டன் எறும்புத்தின்னிச் செதில்களும். ஏறக்குறைய 300 யானைகள், 2,000 எறும்புத்தின்னிகள். சிங்கப்பூரில் அதுவரை பிடிபட்ட தந்தத்தில் அதுதான் ஆகப் பெரியது. இதுவும் கடந்துசெல்லும் சரக்குதான். ஆனால் இம்முறை அது கடந்துசெல்லவில்லை.

2020 ஆகஸ்ட் 11-ல், பல ஆண்டுகளாகப் பறிமுதல் செய்யப்பட்ட 9 டன் தந்தம் நொறுக்கி அழிக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டில் தந்தம் விற்பதும் தடை செய்யப்பட்டது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, கடுமையான குற்றத்துக்கு இரண்டு ஆண்டாக இருந்த உச்சச் சிறைத் தண்டனை ஆறு ஆண்டாக உயர்ந்தது.

‘வழியாகப் போகிறது, நமக்கென்ன’ என்று இருந்துவிட முடியாது என்பதை நாடு தன் சட்டத்தில் எழுதிக்கொண்டே வருகிறது. ஒரே நாளில் எழுதிவிடவில்லை, அவ்வளவுதான்.

வாக்குறுதியை மீறினால் என்ன ஆகும்?

மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். “டீச்சர், சும்மா பேப்பர்ல எழுதிவெச்சா போதுமா?” நியாயமான கேள்வி. இதற்கு உடன்பாடுகள் இரண்டு வகையில் பதில் சொல்கின்றன.

அமெரிக்க உடன்பாட்டின்படி, ஒரு நாடு தன் சுற்றுப்புறச் சட்டத்தைத் தொடர்ந்து நடைமுறைப்படுத்தத் தவறி, அது வர்த்தகத்தைப் பாதித்தால், மற்ற நாடு வழக்கைக் குழுவிடம் கொண்டுபோகலாம். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர் வரை தண்டப்பணம் விதிக்கலாம். விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகை மாறும். சுவையான செய்தி என்னவென்றால், அந்தப் பணம் வழக்குப் போட்ட நாட்டின் பைக்குள் போகாது. ஒரு நிதியில் சேர்த்து, தவறு செய்த நாட்டின் சுற்றுப்புறத்தைச் சீர்செய்யவே செலவழிக்க வேண்டும். சிங்கப்பூர்மீது இப்படித் தண்டப்பணம் எதுவும் விதிக்கப்பட்டதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்துடனான உடன்பாடு 2019 நவம்பர் 21-ல் நடப்புக்கு வந்தது. அதன் 12-ஆவது அத்தியாயம் வர்த்தகமும் நீடித்த நிலைத்தன்மையும் பற்றியது. சட்டவிரோதமாக வெட்டிய மரம், முறைகேடாகப் பிடித்த மீன் இரண்டையும் தடுக்க ஒத்துழைப்போம் என்று அதில் இருக்கிறது. ஆனால் மீறினால் அபராதம் கிடையாது. முதலில் கலந்துபேச வேண்டும், தீரவில்லை என்றால் நிபுணர் குழு ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும். அந்த அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும்.

எது நல்லது? தண்டப்பணம் இருந்தால்தான் பயம் இருக்கும் என்பார் சிலர். பயத்தால் கையெழுத்துப் போடவே நாடுகள் தயங்கும், பேசித் தீர்ப்பதே நீண்ட காலத்துக்கு உதவும் என்பார் வேறு சிலர். வகுப்பறை விவாதத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டுமா?

மறுபக்கமும் உண்டு: ஆமையும் இறாலும்

‘சுற்றுப்புறம்’ என்று சொன்னாலே எல்லாம் நியாயமாகிவிடாது. இந்தியாவைத் தொட்ட ஒரு வழக்கைப் பார்ப்போம்.

இறால் வலையில் கடலாமைகள் சிக்கி மூச்சுத்திணறிச் செத்துப்போகின்றன. ஆமை தப்பிப்போவதற்கு வலையில் ஒரு கருவி பொருத்தலாம். அந்தக் கருவி இல்லாமல் பிடித்த இறாலை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, தாய்லாந்து, பாகிஸ்தான் நான்கும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டுக் குழு தீர்ப்புச் சொன்னது.

பலர் அதை ‘சுற்றுப்புறம் தோற்றது’ என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. அழியக்கூடிய இயற்கை வளத்தைக் காக்க ஒரு நாடு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று 1947-ஆம் ஆண்டின் பொது ஒப்பந்தத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது. ஆமையைக் காப்பது அதற்குள் வரும் என்றுதான் குழு சொன்னது. அமெரிக்கா தோற்றது வேறு காரணத்தால். கரீபிய வட்டார நாடுகளுக்கு மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது, ஆசிய நாடுகளுக்கோ நான்கு மாதம்தான். சட்டம் தவறில்லை, ஆளுக்கொரு நீதி என்பதுதான் தவறு. அமெரிக்கா முறையைத் திருத்திக்கொண்டது. மலேசியா மறுபடி வழக்குப் போட்டபோது, 2001-ல் அமெரிக்கா வென்றது.

பணக்கார நாடு போடும் சுற்றுப்புற விதிக்கு விலை கொடுப்பவர் பல நேரங்களில் ஏழை மீனவர். வலையை மாற்றவும் கருவி வாங்கவும் அவருக்கு அவகாசமும் உதவியும் வேண்டும். அது இல்லாமல் போடும் விதி ஆமையைக் காப்பாற்றலாம், ஆனால் நியாயமாக இருக்காது.

தடுப்பது மட்டுமா? வளர்ப்பதும்தான்

அண்மைய உடன்பாடுகள் ‘இதைச் செய்யாதே’ என்பதோடு நிற்பதில்லை. 2022 அக்டோபர் 18-ல் சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் பசுமைப் பொருளியல் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சுற்றுப்புறத்துக்கு உதவும் பொருள்கள், சேவைகள் எவை என்று பட்டியலிட்டு, அவற்றின் வர்த்தகத்தை எளிதாக்குவது அதன் ஒரு பகுதி. ஐரோப்பிய உடன்பாட்டிலும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் துறையில் உள்ள தடைகளைக் குறைக்க ஒரு தனி அத்தியாயம் உண்டு. சூரியசக்தித் தகடு விலை குறைந்தால், நம் வீவக கூரையில் அதைப் பொருத்துவது சுலபமாகும். வர்த்தகம் சுற்றுப்புறத்துக்கு எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

வகுப்பறைக்கு

*சொல்வளம்*

தடையற்ற வர்த்தகம்: சுங்க வரியும் பிற தடைகளும் குறைக்கப்பட்ட வர்த்தகம்.
நடைமுறைப்படுத்துதல்: சட்டத்தைச் செயலில் காட்டுதல்.
விதிவிலக்கு: பொது விதியிலிருந்து விலக்கப்பட்ட நிலை.
பறிமுதல்: சட்டத்தின்படி பொருளைக் கைப்பற்றுதல்.
நீடித்த நிலைத்தன்மை: அடுத்த தலைமுறைக்கும் போதுமாறு வளத்தைப் பயன்படுத்தும் தன்மை.
கண்டும் காணாமல் இருத்தல்: தெரிந்தும் தெரியாததுபோல் விட்டுவிடுதல். (மரபுத்தொடர்)

*கருத்தை எழுதும் முறை*

“அரசாங்கம் கடுமையான சட்டம் இயற்ற வேண்டும்” என்று மட்டும் எழுதினால் அது அரைக் கருத்து. இப்படி வளர்த்துப் பாருங்கள்: “சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நடைமுறைக்கு வர வேண்டும். எடுத்துக்காட்டாக, 2019-ல் சிங்கப்பூர் அதிகாரிகள் 8.8 டன் யானைத் தந்தத்தைப் பறிமுதல் செய்தனர். அந்தத் தந்தம் சிங்கப்பூருக்கு வந்ததன்று, சிங்கப்பூர் வழியாகச் சென்றது. ஆயினும், துறைமுக நாடாகிய நமக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பதை இச்செயல் காட்டுகிறது.” கருத்து, சான்று, விளக்கம் மூன்றும் வந்துவிட்டன.

*கலந்துரையாட*

1. பொங்கோல் பன்றிப் பண்ணைகள் மூடப்பட்டதால் நன்மை அடைந்தவர் யார்? சுமை யாருக்குப் போனது?
2. கடந்துசெல்லும் சரக்குக்குத் துறைமுக நாடு பொறுப்பேற்க வேண்டுமா? ஒவ்வொரு கொள்கலனையும் திறந்து பார்த்தால் என்ன ஆகும்?
3. தண்டப்பணம், கலந்துபேசுதல் இரண்டில் எது நாடுகளைத் திருத்தும்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுங்கள். எங்கே செய்தது என்று பாருங்கள். அதைச் செய்ததால் அங்கே என்ன கேடு ஏற்பட்டிருக்கலாம்?

நான்காவது கேள்வியை வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்கும் பயன்படுத்தலாம். என் வகுப்பில் ஒரு மாணவி பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்து செம்பனை எண்ணெயிலிருந்து புகைமூட்டம் வரைக்கும் போய்விட்டாள். மணி அடித்தும் பேச்சு நிற்கவில்லை.

அந்த மாணவனின் தாளை வாங்கி, ‘தலைப்போடு தொடர்பில்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘நல்ல கருத்து. சான்று சேர்த்து விரித்து எழுதுக’ என்று எழுதிக் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டு, “அப்போ மார்க் கூடுமா டீச்சர்?” என்று கேட்டான். விரித்து எழுதிக் கொண்டு வா, பார்க்கலாம் என்றேன். அடுத்த வாரமே இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான். மார்க்கும் கூடியது.